நின்ற வண்டிதான் ஒழுகும்

பழைய அமெரிக்கக் கார்களை ஆசையாக வைத்துப் பராமரிப்பவர்களிடமிருந்து ஒரு புகார் மாறாமல் வரும். கோடை முழுக்க வண்டி ஓடியது. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பனிக்காலம் வந்ததும் ஷெட்டில் ஏற்றி மூடி வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து உறையை விலக்கினால், வண்டிக்கு நடுவே தரையில் சிவப்பாக எண்ணெய் தேங்கியிருக்கிறது. பதறிப்போய் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், லிஃப்டில் தூக்கி அரைமணி நேரம் ஓடவிட்டும் எங்கிருந்தும் ஒழுகவில்லை.

உள்ளே எண்ணெய் அழுத்தத்தோடு பாய்ந்துகொண்டிருக்கும்போது கசியாத கியர்பெட்டி, எல்லாம் அடங்கிக் கிடக்கும்போது கசிகிறது. ஏன் என்று தெரியாமல் பழுதுபார்க்க இறங்கினால், மாற்ற வேண்டியது அப்படியே இருக்கும். மாற்ற வேண்டாதது மாறியிருக்கும். ஆகவே ஸ்பானரை எடுக்கும் முன்பு, ஆயில் சீல் என்கிற அந்தச் சிறு ரப்பர் வளையம் எப்படி வேலை செய்கிறது, எப்படி வயதாகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

எடுத்துக்காட்டாக ஒரு கியர்பெட்டியை வைத்துக்கொள்வோம்: கிறைஸ்லர் நிறுவனத்தின் டார்க்ஃபிளைட். 1956-இல் இம்பீரியல் கார்களில் முதலில் வந்த மூன்று வேகத் தானியங்கி கியர்பெட்டி இது. 1960-இல் சிறிய என்ஜின்களுக்காக ஏ-904, 1962-இல் பெரிய என்ஜின்களுக்காக ஏ-727 என்று அலுமினிய உடலோடு இரண்டு வடிவங்கள் வந்தன. 1964 வரை டேஷ்போர்டில் இருந்த பொத்தான்களை அழுத்தித்தான் கியர் மாற்ற வேண்டும். பிறகு நெம்புகோல் வந்தது. டாட்ஜ், பிளிமத், கிறைஸ்லர் கார்கள் மட்டுமல்ல, இங்கிலாந்தின் ஜென்சன் இன்டர்செப்டரும் இந்த 727-ஐத்தான் வாங்கிப் பொருத்திக்கொண்டது. பலத்துக்குப் பேர்போன பெட்டி. அறுபது ஆண்டு கழித்தும் உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் தேயாமல் இருப்பதைக் காணலாம். ஆனால் ஒழுகும்.

தானியங்கி கியர்பெட்டியில் கால் வைத்து மிதிக்கும் கிளட்ச் கிடையாது. அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் என்கிற உருண்டைக் கலம் இருக்கிறது. இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் சுழலத் தொடங்கும் அல்லவா? அதே வேலையைக் காற்றுக்குப் பதில் எண்ணெயைக் கொண்டு செய்கிறது இந்தக் கலம். என்ஜினோடு சேர்ந்து சுழலும் இதழ்கள் எண்ணெயை வீசுகின்றன. அது எதிரே உள்ள இதழ்களைத் தள்ளிச் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகிறது. நடுவே இன்னொரு இதழ்த்தொகுதி நின்று, திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி, முறுக்குவிசையைக் கூட்டிக் கொடுக்கிறது.

இந்தக் கலம் எப்போதும் எண்ணெயால் நிறைந்திருக்க வேண்டும். கியர்பெட்டியில் மொத்தம் இருக்கும் ஏறக்குறைய எட்டு லிட்டரில் சரிபாதி கன்வெர்ட்டருக்குள்தான் இருக்கிறது. ஆகவேதான் அடியில் இருக்கும் பேனைக் கழற்றி எண்ணெய் மாற்றினால் நாலு லிட்டர்தான் வெளியே வரும்; மீதி உள்ளேயே நின்றுவிடும்.

இனி என்ஜினை நிறுத்துங்கள். எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப்பும் நின்றுபோகிறது. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெயைப் பிடித்து வைக்க முழுமையான அடைப்பு எதுவும் இல்லை. பம்பின் புஷ்ஷில் இருக்கும் இடைவெளி, வால்வுகளைச் சுற்றியிருக்கும் நூலிழை இடுக்குகள், இவற்றின் வழியாக எண்ணெய் மெல்ல மெல்லக் கீழே உள்ள பேனுக்கு இறங்குகிறது. புதுப் பெட்டியில் இது மிக மெதுவாக நடக்கும். புஷ் தேய்ந்த பழைய பெட்டியில் சில நாட்களிலேயே கணிசமாக இறங்கிவிடும். நாலு லிட்டருக்கென்று அளவெடுத்த பேனுக்குள் இன்னும் ஒன்றிரண்டு லிட்டர் வந்து சேர்கிறது. மட்டம் பேனின் விளிம்பைத் தாண்டி உயர்கிறது.

பெட்டியின் இடப்பக்கத்தில், பேன் விளிம்புக்குச் சற்று மேலே, ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் நெம்புகோலை நகர்த்தும்போது அந்த அசைவை உள்ளே கொண்டுபோகும் கியர் மாற்றுத் தண்டு அது. அதைச் சுற்றி ஒரு சின்ன சீல். வண்டி ஓடும்போது எண்ணெய் மட்டம் அந்தச் சீலுக்குக் கீழே இருப்பதால், தெறிக்கும் துளிகளை மட்டும் அது தடுத்தால் போதும். வண்டி நின்று எண்ணெய் இறங்கியதும், அதே சீல் எண்ணெய்க்குள் மூழ்கிவிடுகிறது. ஓடும்போது வராத ஒழுக்கு நிற்கும்போது வருவதற்கு முதல் காரணம் இது.

மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நின்றால் அது தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நானூறில் ஒரு பங்குதான். அற்பம் என்று தோன்றும். ஆனால் அதற்கு நேரம் நிறைய இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு, சொட்டுக்கு 0.05 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 14 மில்லிலிட்டர். ஒரு மாதத்தில் நானூறைத் தாண்டிவிடும். தரையில் பெரிய வட்டம் போட அது தாராளம்.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறான முடிவுக்குப் போகிறார்கள். நெடுநாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து டிரைவ் கியரில் போட்டால் சில நொடிகள் நகராது. கன்வெர்ட்டர் காலியாக இருப்பதால் சக்தியைக் கடத்த உள்ளே போதிய எண்ணெய் இல்லை. கியர்பெட்டி போய்விட்டது என்று கலங்கி ஒரு லிட்டரை ஊற்றிவிடுகிறார்கள். அல்லது பார்க் நிலையில் வைத்தே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறார்கள். பழைய டார்க்ஃபிளைட் பெட்டிகளின் தனிக்குணம், பார்க் நிலையில் பம்ப் கன்வெர்ட்டரை நிரப்பாது. அளவு பார்ப்பதற்கு ஒரே முறை: எண்ணெய் நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு வந்து, சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, நியூட்ரலில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பது. குளிர்ந்த எண்ணெய் 60 டிகிரி செல்சியஸ் சூடேறினால் எட்டு லிட்டர் சுமார் மூன்றில் ஒரு லிட்டர் விரியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றிவிட்டால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரை காற்றுப்போக்கி வழியாகப் பொங்கி வெளியேறும். அதைப் பார்த்து இன்னொரு ஒழுக்கு என்று நினைப்பார்கள்.

சீலின் கதைக்கு வருவோம். சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியே வராமல் தடுப்பது பொறியியலின் பழைய தலைவலி. தொடக்கத்தில் கயிறு, கம்பளி, தோல் இவைதான். ஜெர்மனியில் தோல் பதனிடும் தொழிலில் இருந்த ஃபிராய்டன்பெர்க் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் உலோகக் கூட்டுக்குள் தோல் உதட்டைப் பொருத்தி, அதைத் தண்டோடு அணைக்க ஒரு சுருள்வில்லையும் சேர்த்து விற்றது. அங்கே பணியாற்றிய வால்தர் சிம்மரின் பெயரால் சிம்மர் வளையம் என்று அது அறியப்பட்டது. சில ஆண்டுகளில் தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்தது. இன்று கடையில் ஆயில் சீல் கேட்டால் கிடைப்பது அதே அமைப்புதான்.

சீல் எண்ணெயைத் தடுப்பது தண்டை இறுக்கிப் பிடிப்பதால்தான் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. 1957-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜேகர் என்கிற ஆய்வாளர், தண்டு சுழலும்போது ரப்பர் உதடு தண்டைத் தொட்டுக்கொண்டே இல்லை, இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது என்று காட்டினார். அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரான் அளவில் இருக்கும். மனிதத் தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தப் படலம் இல்லையென்றால் ரப்பர் உரசிச் சூடேறிச் சீக்கிரமே கருகிவிடும். ஆனால் எண்ணெய் உள்ளே நுழைந்து படலமாக நிற்கிறதென்றால், அது ஏன் மறுபக்கம் வெளியேறிவிடவில்லை?

பிந்தைய ஆய்வுகள் தந்த விடை எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. உதட்டின் இரண்டு சரிவுகளும் ஒரே கோணத்தில் இல்லை. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் சாய்வாகவும் வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் அழுத்தம் எண்ணெய்ப் பக்கத்தை ஒட்டியே உச்சம் தொடுகிறது. சீல் சிறிது நேரம் ஓடியதும் உதட்டின் முனை தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டாகின்றன. சுழலும் தண்டு அவற்றை இழுத்துச் சாய்க்கிறது. அழுத்தம் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் சாய்வும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், சாய்ந்த அந்த வரிகள் காற்றுப் பக்கத்திலிருந்து எண்ணெய்ப் பக்கத்துக்குத் திரவத்தைத் தள்ளுகின்றன. சீல் ஒரு பம்ப்! ஓடும் சீலின் வெளிப்பக்கத்தில் ஒரு துளி எண்ணெயை வைத்தால் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே சீலைத் திருப்பிப் போட்டுவிட்டால், அதே விசை எண்ணெயை வெளியே இறைத்துவிடும்.

தண்டு நின்றதும் அந்த பம்ப் நின்றுவிடுகிறது. அப்போது எண்ணெயைத் தடுக்க மிஞ்சுவது ரப்பரின் நெகிழ்வும் சுருள்வில்லின் அணைப்பும் மட்டும். இது இரண்டாவது காரணம். கியர் மாற்றுத் தண்டின் சீலுக்கோ இந்த பம்ப் வசதி எப்போதுமே கிடையாது. அந்தத் தண்டு சில டிகிரி திரும்புவதோடு சரி. மூழ்கி நிற்கும் நேரத்தில் தன் நெகிழ்வை மட்டுமே நம்பி நிற்கும் சீல் அது.

நெகிழ்வு போய்விட்டால்? இங்கேதான் வயது கணக்குக்கு வருகிறது.

இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறி உப்பிவிடும். அதனால்தான் நைட்ரைல் ரப்பரை வேதியியலாளர்கள் 1930களில் கொண்டுவந்தார்கள். பியூட்டாடையீன் நெகிழ்வைத் தருகிறது. அக்ரிலோநைட்ரைல் எண்ணெயை எதிர்க்கிறது. இரண்டும் கலந்த நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆங்காங்கே கந்தகத்தால் பிணைத்து உருக்கொடுக்கிறார்கள். அறுபதுகளின் கார்களில் இருந்த சீல்களில் பெரும்பகுதி இதுதான். இதில் ஒரு பலவீனம், பியூட்டாடையீனில் மிச்சமிருக்கும் இரட்டைப் பிணைப்புகள். வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்த இடங்களில் புதுப்புதுப் பிணைப்புகளை உண்டாக்கிக்கொண்டே போகும். பிணைப்பு கூடக்கூடச் சங்கிலிகள் அசைய இடமில்லாமல் ரப்பர் கட்டியாகிறது. மென்மைக்காக முதலில் சேர்த்திருந்த நெகிழ்வூட்டிகளும் எண்ணெயில் கரைந்து வெளியேறிவிடுகின்றன. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் இந்த வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் பெறும். ஆகவே மலைப்பாதையில் சுமை இழுத்துக் கொதித்த கியர்பெட்டியின் சீல், நிதானமாக ஓடிய வண்டியின் சீலைவிடப் பல ஆண்டு முன்னதாகவே கெட்டியாகும்.

கெட்டியான உதடு தண்டின் மேல் முழுதாகப் படியாது. குளிரில் இது இன்னும் மோசம். ரப்பர் எஃகைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சுருங்கக்கூடியது; மிச்சிகனின் ஜனவரி இரவில் அது இறுகியும் போகிறது. எங்கோ ஓரிடத்தில் சில மைக்ரான் இடைவெளி விழுந்தால் போதும். குறுகிய இடுக்கில் பாயும் திரவத்தின் அளவு இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்காகும். ஆண்டுக்கணக்கில் ஈரம் மட்டும் காட்டிக்கொண்டிருந்த சீல், ஒரு குளிர்காலத்தில் திடீரென்று ஊற்றத் தொடங்குவது இதனால்தான்.

எண்ணெயின் பங்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சீலும் எண்ணெயும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் செய்யப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் தானியங்கி கியர்பெட்டிகளுக்கென்று டைப் ஏ என்ற எண்ணெய்த் தரத்தை வகுத்தது. என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறியச் சிவப்புச் சாயம் சேர்க்கும் வழக்கமும் நிலைத்தது. கிளட்ச் தகடுகள் அதிராமல் மென்மையாகப் பிடிக்க வேண்டுமே, அதற்கு என்ன சேர்த்தார்கள் தெரியுமா? ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். அதன் மெழுகு எஸ்டர்கள் உலோகப் பரப்பில் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டு உராய்வைப் பதப்படுத்தின. அமெரிக்கச் சாலைகளில் ஓடிய கோடிக்கணக்கான கார்கள், ஓட்டியவருக்கே தெரியாமல், கடலில் கொல்லப்பட்ட உயிர்களின் எண்ணெயைச் சுமந்தன. 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது, இறக்குமதி நின்றது. எண்ணெய் நிறுவனங்கள் செயற்கை மாற்றுகளைத் தேடிப்பிடித்தன. கார் வரலாற்றில் சட்டம் ஒன்று செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எண்ணெயின் சேர்மானம் மாறும்போதெல்லாம் ரப்பருக்கும் அதற்கும் உள்ள உறவு மாறும். அன்றைய கனிம எண்ணெயில் சீலைச் சற்றே உப்பவைக்கும் கூறுகள் இயல்பாகவே இருந்தன; அந்த உப்பலையும் கணக்கிட்டே சீலின் அளவை வைத்தார்கள். பின்னாளில் வந்த முதல் தலைமுறைச் செயற்கை எண்ணெய்களில் அந்தக் கூறுகள் குறைவு. பழைய சீல்கள் சுருங்கி ஒழுகின. ‘செயற்கை எண்ணெய் ஊற்றினால் பழைய வண்டி ஒழுகும்’ என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. இப்போது விற்பவற்றில் ஈடுகட்டும் எஸ்டர்களைச் சேர்க்கிறார்கள். எனவே அந்தப் பயம் பெருமளவு காலாவதியானது. 727-க்கு டெக்ஸ்ரான் மூன்றாம் தரத்துக்கு இணையான எண்ணெய் போதும்.

இப்போது வண்டியின் அடியில் போகலாம். சமதளம், உறுதியான ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு முட்டு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள்.

ஒழுக்கைத் தேடும்போது சொட்டும் இடம் சாட்சியாகாது. ஓடும் வண்டிக்கு அடியில் காற்று பின்னோக்கி வீசும்; எண்ணெய் உலோகத்தைப் பற்றிக்கொண்டே நகர்ந்து, தாழ்வான முனைக்கு வந்த பிறகுதான் சொட்டும். ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது. பெட்டி முழுவதையும் கிரீஸ் கரைப்பான் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். காய்ந்ததும் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, வெள்ளை அட்டையை அடியில் விரித்து, மறுநாள் பார்க்க வேண்டும். பவுடரில் ஈரக் கோடு எந்த உயரத்தில், எவ்வளவு முன்னால் தொடங்குகிறது என்பதே சாட்சி. புறஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்தும் பார்க்கலாம். ஆனால் கழுவிய பெட்டியும் பொறுமையும் இருந்தால் பவுடரே போதும் என்பது என் எண்ணம்.

நிறத்தையும் பாருங்கள். சிவப்பென்றால் டிரான்ஸ்மிஷன் ஆயில். பழுப்பென்றால் என்ஜின் ஆயிலாகவும் இருக்கலாம், வெந்து நிறம் மாறிய டிரான்ஸ்மிஷன் ஆயிலாகவும் இருக்கலாம். முகர்ந்தால் கருகல் வாடை காட்டிக்கொடுக்கும். என்ஜினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் சொட்டினால் அவசரப்படக் கூடாது. என்ஜினின் பின்பக்க சீல், அதற்கும் மேலே வால்வு மூடியின் பேக்கிங், கியர்பெட்டியின் முன்பக்க சீல், மூன்றும் ஒரே இடத்தில் வந்துதான் சொட்டும். இவற்றைக் குழப்பிக்கொண்டு, வால்வு மூடியின் பேக்கிங்குக்காகக் கியர்பெட்டியையே இறக்கிய கதைகள் நிறைய உண்டு.

மற்ற சந்தேக இடங்களை விரைவாகச் சொல்லிவிடலாம்: டிப்ஸ்டிக் குழாய் நுழையும் இடத்து ஓ-ரிங், ரேடியேட்டருக்குப் போகும் குளிர்விக்கும் குழாய்களின் இணைப்புகள், ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடம், பின்முனையில் புரொப்பெல்லர் தண்டு நுழையும் சீல், நியூட்ரல் சுவிட்சின் வாஷர். எல்லாமே வெளியிலிருந்தே மாற்றக்கூடியவை, விலையும் மலிவு.

பேன் பேக்கிங்கில் ஒழுகினால் போல்ட்டை இன்னும் இறுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். இறுக்க இறுக்க, போல்ட் துளையைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே தகடு பேக்கிங்கை விட்டு விலகும். ஒழுக்கு கூடும், அலுமினிய உடலில் மரையும் போய்விடும். பேனை இறக்கி, குழிந்த இடங்களைத் தட்டையான கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்தி, புதிய பேக்கிங் போட்டு, 17 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் சுற்று முறையில் முடுக்கினால் போதும். சிலிகான் பசையை அள்ளிப் பூசுவது தீங்கு. பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ஃபில்டரையும் வால்வுகளையும் அடைக்கும்.

நின்றால் ஒழுகும் வண்டியில் முதல் குற்றவாளி பெரும்பாலும் கியர் மாற்றுத் தண்டின் சீல்தான். அதை மாற்ற இரண்டு வழி உண்டு. இதற்கென்றே வந்த இழுப்புக் கருவி கிடைத்தால், நெம்புகோல்களைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்தே பழைய சீலை உருவி, புதியதைத் தட்டி ஏற்றிவிடலாம். கருவி இல்லையென்றால் பேனை இறக்கி, அந்தத் தண்டோடு சேர்ந்த வால்வு தொகுதியைக் கழற்ற வேண்டும். இது பயப்பட வேண்டிய வேலையல்ல. ஆனால் சுத்தம் முக்கியம். வால்வு தொகுதி இறங்கும்போது அக்குமுலேட்டரின் சுருள்வில்லும் கூடவே வரும், கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். பார்க் நிலைக்கான கம்பி பின்னோக்கிப் போயிருக்கும். அதை வளைத்துவிடாமல் மெதுவாக உருவ வேண்டும். தண்டு வெளியே வந்ததும் அதன் பரப்பைப் பாருங்கள். துரு, கீறல், பிசிறு இருந்தால் மிக மென்மையான எமெரி தாளால் சுற்றுவாக்கில் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கோடும் எண்ணெய் வெளியேறும் வாய்க்காலாகிவிடும். புது சீலை, அதன் வெளிவிட்டத்துக்குச் சரியான சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி ஏற்றி, உதட்டில் எண்ணெய் தடவி, தண்டின் கூர்மையான முனையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நுழைக்க வேண்டும். தண்டுக்குள்ளே இன்னொரு தண்டு ஓடுகிறது. ஆக்சிலரேட்டர் இணைப்போடு சேர்ந்தது. அதன் சிறு வளையத்தையும் இப்போதே மாற்றிவிடுங்கள். வால்வு தொகுதியின் போல்ட்டுகளுக்கு 11 நியூட்டன் மீட்டர் போதும்.

கன்வெர்ட்டரின் கழுத்தைச் சுற்றியிருக்கும் முன்பக்க சீல் வேறு ரகம். அதற்குக் கியர்பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். இறக்கிய பின் சீலை மட்டும் மாற்றி ஏற்றுவது வீண்வேலை. கன்வெர்ட்டரின் கழுத்தில் பழைய உதடு போட்ட பள்ளம் நகத்தில் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள். பம்பின் புஷ் தேய்ந்திருந்தால் கழுத்து நடுவில் நிற்காமல் வட்டமடிக்கும். எவ்வளவு நல்ல ரப்பரும் அந்த வேகத்தில் அதைப் பின்தொடர முடியாது. அதே தேய்ந்த புஷ்தான் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் சீக்கிரம் இறங்கிப்போகவும் வழிவிட்டது. புஷ்ஷை மாற்றினால் இரண்டு நோயும் ஒன்றாகத் தீரும். பிறகு கன்வெர்ட்டரைத் திரும்ப ஏற்றும்போது, அதைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளி, பம்ப் வரை எல்லாப் பொருத்தங்களிலும் விழுந்துவிட்டதா என்று உறுதி செய்யாமல் போல்ட்டை முடுக்கினால் பம்ப் உடையும்.

ஒழுக்கை நிறுத்துவதாகச் சொல்லி பாட்டிலில் விற்கும் திரவங்கள் முழுப் பொய்யல்ல. அவற்றில் உள்ள எஸ்டர்கள் கட்டியான ரப்பருக்குள் ஊடுருவி அதைச் சற்று உப்பவைக்கின்றன. சில மாதம் ஒழுக்கு அடங்கும். கூடிப்போன பிணைப்புகளை அவை அவிழ்ப்பதில்லை, தேய்ந்த உதட்டையும் திருப்பித் தருவதில்லை. ஊருக்குப் போய்ச் சேரும்வரை தாக்குப்பிடிக்க உதவலாம், அவ்வளவே. ஆனால் பிரேக் ஆயிலைச் சிறிது கலந்தால் சீல் உப்பும் என்ற பழைய பட்டறை வைத்தியத்தை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். பிரேக் ஆயிலின் கிளைக்கால் ஈதர்கள் நைட்ரைல் ரப்பரைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். கிளட்ச் தகடுகளின் பசையையும் கெடுக்கும். நல்ல கியர்பெட்டியை அதைவிட நிச்சயமாகக் கொல்லும் வழி இல்லை.

புது சீல் போட்டபின் வண்டியை மறுபடியும் மாதக்கணக்கில் மூடி வைத்தால் அதே நிலைக்குத் திரும்பும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, எண்ணெய் முழுதும் சூடேறும் வரை, ஓர் அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஷெட்டிலேயே பார்க் நிலையில் வைத்து என்ஜினை மட்டும் ஓடவிடுவது கணக்கில் சேராது. கன்வெர்ட்டருக்கு எண்ணெயே போகாது. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், பழைய என்ஜின் ஆயிலைச் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். சூடான புகைக்குழாயின் மேல் சொட்டும் டிரான்ஸ்மிஷன் ஆயில் தீப்பிடிக்கும். அங்கே ஈரம் தெரிந்தால் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

நின்றால் ஒழுகி, ஓடினால் ஒழுகாத டார்க்ஃபிளைட் உங்களிடம் இருந்து, முன்பக்க சீல் போய்விட்டது, பெட்டியை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் இடப்பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறு சீலை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.